பாட்ஸ்குவாரோவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: ஏரியும் அதைச் சுற்றியுள்ள கைத்தொழில் ஊர்களும்

மெக்சிகோவில் ஏரிக்கரை ஊர் என்று தேடினால் சப்பாலாவும் பாக்கலாரும்தான் முதலில் வந்து நிற்கும். இரண்டும் நல்ல இடங்கள். ஆனால் ஒரு பழங்குடி மக்கள் தங்கள் மொழியோடும் கைத்தொழிலோடும் இன்றும் ஏரியைச் சுற்றி வாழ்வதைப் பார்க்க விரும்பினால், மிச்சோவகான் மாநிலத்தில் இருக்கும் பாட்ஸ்குவாரோவுக்குப் போங்கள். பூரெபெச்சா மக்களின் ஊர் அது. ஆஸ்டெக் பேரரசு கடைசிவரை வெல்ல முடியாமல் போன அரசு இவர்களுடையது.

போகும் முன்பே ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. பாட்ஸ்குவாரோவின் மையப்பகுதி ஏரிக்கரையில் இல்லை. படகுத்துறை அங்கிருந்து வடக்கே மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஏரியும் குளிக்கவோ நீந்தவோ ஏற்றதல்ல. மாநிலத் தலைநகர் மொரேலியாவிலிருந்து காலையில் வந்து, படகேறி ஒரு தீவைப் பார்த்து, மீன் சாப்பிட்டு, மாலையில் திரும்பிவிடுகிறவர்கள் ஏராளம். அவர்கள் பார்க்கத் தவறுவது ஏரியைச் சுற்றியுள்ள கிராமங்களை. என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தின் உயிரே அந்தக் கிராமங்கள்தான். குறைந்தது மூன்று இரவாவது தங்குங்கள்.

எப்போது போவது

ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,140 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் மழை கொட்டும், காலைப்பொழுது தெளிவாக இருக்கும். மலைகள் பச்சையாக இருப்பது அப்போதுதான். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பகலில் இதமான வெயில், இரவில் நல்ல குளிர். பழைய வீடுகளை மாற்றி அமைத்த விடுதிகள் பலவற்றில் அறையைச் சூடாக்கும் வசதி கிடையாது. கம்பளிச் சட்டை ஒன்று கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் முதல் மே வரை வறண்ட காலம். ஏரி மிகவும் வற்றித் தெரியும் மாதங்கள் அவை.

நவம்பர் 1, 2 தேதிகள் தனிக்கதை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

விசாவும் பாதுகாப்பும்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு மெக்சிகோ விசா தேவை. ஆனால் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் நாடுகள் ஆகியவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசா இருந்தால், தனியே மெக்சிகோ விசா எடுக்காமலே சுற்றுலாவுக்குப் போகலாம் என்பது நீண்டநாள் நடைமுறை. விதிகள் மாறக்கூடியவை. டிக்கெட் எடுக்கும் முன் மெக்சிகோ தூதரகத்தின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

பாதுகாப்பு பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்க அரசு தன் குடிமக்களுக்கு வெளியிடும் பயண எச்சரிக்கையில் மிச்சோவகான் பல ஆண்டுகளாக "போக வேண்டாம்" என்ற உச்ச நிலையில் இருக்கிறது. போதைக் கும்பல்களும், அவகாடோ தோட்டங்களில் மிரட்டிப் பணம் பறிக்கும் கூட்டங்களும் இதற்குக் காரணம். பாட்ஸ்குவாரோ நகருக்கு மெக்சிகோ குடும்பங்களே குழந்தைகளோடு விடுமுறைக்கு வருகிறார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். போவதென்று முடிவு செய்தால் சில பழக்கங்களை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஊர்விட்டு ஊர் போவது பகலில் மட்டும் இருக்கட்டும். சொந்தமாகக் கார் ஓட்டினால் 'குவோத்தா' எனப்படும் சுங்கச்சாலையில் போங்கள். தெற்கே உள்ள தியேர்ரா காலியெந்தே பகுதிக்குப் போக வேண்டாம். கிளம்பும் வாரத்தில் உள்ளூர்ச் செய்திகளைப் பாருங்கள். எந்தச் சாலை எப்படி இருக்கிறது என்று விடுதிக்காரரிடமும் கேளுங்கள். அங்கேயே வாழ்கிறவர்களுக்கு அன்றைய நிலவரம் தெரிந்திருக்கும்.

போய்ச் சேருவது

மெக்சிகோ நகரத்தின் மேற்குப் பேருந்து நிலையத்திலிருந்து, அதாவது ஒப்சர்வத்தோரியோ மெட்ரோ நிலையத்தை ஒட்டிய நிலையத்திலிருந்து, பேருந்துகள் இருக்கின்றன. சுமார் ஐந்து மணி நேரப் பயணம். நேரடிப் பேருந்து கிடைக்காவிட்டால் மொரேலியா வரை போய் மாறிக்கொள்ளலாம். விமானத்தில் மொரேலியாவுக்கே வந்து இறங்குவதும் நல்ல வழிதான். மொரேலியாவிலிருந்து பாட்ஸ்குவாரோ சாலையில் ஒரு மணி நேரம்.

பாட்ஸ்குவாரோ பேருந்து நிலையம் ஊருக்குச் சற்று வெளியே தெற்கில் இருக்கிறது. பெட்டி இருந்தால் டாக்சி எடுங்கள். இல்லையென்றால் 'சென்த்ரோ' என்று எழுதிய கோம்பி, அதாவது பலர் சேர்ந்து போகும் வேன், போதும். அதே மாதிரி 'லாகோ' என்று எழுதியது படகுத்துறைக்குப் போகும். சில்லறை பெசோ கையில் இருக்கட்டும். கிராமத்துக் கடைகளிலும் வேன்களிலும் கார்டு செல்லாது. பணம் எடுக்கும் இயந்திரங்கள் ஊர் நடுவில் வங்கிகளில் இருக்கின்றன, கிராமங்களில் அவற்றை நம்பிப் போகாதீர்கள்.

தங்குவதற்கு ஊர் நடுவிலுள்ள இரண்டு சதுக்கங்களுக்குப் பக்கத்திலேயே இடம் பாருங்கள். ஏரிப் பக்கம் தங்கினால் காட்சி கிடைக்கலாம், ஆனால் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் வண்டி பிடிக்க வேண்டியிருக்கும்.

முதல் நாள்: நடந்தே பாருங்கள்

உயரத்துக்கு உடம்பு பழக வேண்டும். அதனால் முதல் நாளில் ஊருக்குள் மெதுவாக நடப்பதே சரி. வீடுகளெல்லாம் வெள்ளைச் சுவர், கீழ்ப்பகுதியில் செம்பழுப்புப் பட்டை, மேலே ஓடு. கடைப் பெயர்களும் ஒரே மாதிரி: கறுப்பு எழுத்து, முதல் எழுத்து மட்டும் சிவப்பு.

பெரிய சதுக்கத்தின் பெயர் வாஸ்கோ தெ கிரோகா சதுக்கம். வயதான மரங்களின் நிழல், நடுவில் அவர் சிலை, நான்கு பக்கமும் தூண் தாழ்வாரம் வைத்த மாளிகைகள். ஸ்பானியர் கட்டிய ஊர்களில் முதன்மைச் சதுக்கத்தில் கோயில் இல்லாமல் இருப்பது அபூர்வம். இங்கே இல்லை. யார் இந்த கிரோகா? மெக்சிகோவுக்கு நீதிபதியாக வந்து, பிறகு மிச்சோவகானின் முதல் பிஷப் ஆனவர். அவருக்கு முன்னால் வந்த நூனோ தெ குஸ்மான் 1530-இல் பூரெபெச்சாக்களின் கடைசி அரசனைச் சித்திரவதை செய்து கொன்றிருந்தான். மக்கள் மலைகளுக்கு ஓடிப் போயிருந்த அந்த நிலையில் கிரோகா வந்தார். மருத்துவமனையோடு சேர்ந்த சமூகக் குடியிருப்புகளை அமைத்தார். ஏற்கெனவே இருந்த கைத்தொழில்களை ஊருக்கு ஒன்றாகப் பிரித்து ஒழுங்குபடுத்தினார் என்று இங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். 1565-இல் இறந்தவரை இன்றும் 'தாத்தா வாஸ்கோ' என்று குறிப்பிடுகிறார்கள். பூரெபெச்சா மொழியில் 'தாத்தா' என்றால் அப்பா.

அங்கிருந்து சில நிமிட நடையில் சின்ன சதுக்கம். விடுதலைப் போரில் கிளர்ச்சியாளர்களுக்கு உதவியதற்காக 1817-இல் இந்த ஊரில் சுட்டுக் கொல்லப்பட்ட ஹெர்த்ரூதிஸ் போக்கானெக்ராவின் பெயர் அதற்கு. அந்தச் சதுக்கத்தின் வடக்கில் பழைய அகஸ்தீன் கோயில் ஒன்று நூலகமாக இருக்கிறது. தயவுசெய்து அதை வாசலோடு பார்த்துவிட்டுப் போகாதீர்கள். உள்ளே பீடம் இருந்த கடைசிச் சுவர் முழுக்க மெக்சிகோ ஓவியர் ஹுவான் ஓ'கோர்மன் 1941-42-இல் வரைந்த மிச்சோவகானின் வரலாறு இருக்கிறது. மேலிருந்து கீழே பாருங்கள். ஆதிகாலம் மேலே, படையெடுப்பும் அரசனின் சித்திரவதையும் நடுவே, விடுதலை வீரர்களும் புரட்சியும் கீழே. முதல் நாளிலேயே இதைப் பார்த்துவிட்டால் அடுத்த நாட்களில் நீங்கள் போகும் ஒவ்வொரு இடத்துக்கும் பின்கதை தெரிந்திருக்கும்.

மேட்டில் இருப்பது ஆரோக்கிய அன்னையின் பேராலயம். ஐந்து கூடங்கள் கொண்டதாக கிரோகா திட்டமிட்டார், ஒன்றுதான் கட்டி முடிந்தது. அவருடைய எலும்புகள் இங்கேதான் இருக்கின்றன. அன்னையின் சிலை மரமோ கல்லோ அல்ல. மக்காச்சோளத் தட்டையின் சோற்றை ஆர்க்கிட் கிழங்கின் பசையோடு பிசைந்து செய்தது. போருக்குப் போகும்போது தூக்கிச் செல்ல வசதியாக எடை குறைந்த தெய்வ உருவங்களை பூரெபெச்சாக்கள் இப்படிச் செய்து வந்தார்கள். அதே கைகள் பிறகு மாதாவைச் செய்தன.

கைவினை அருங்காட்சியகம், கிரோகா 1540-இல் தொடங்கிய சான் நிக்கோலாஸ் கல்லூரியின் கட்டடத்தில் இருக்கிறது. பொருள் வாங்கும் எண்ணம் இருந்தால், வாங்கும் முன் இங்கே ஒரு மணி நேரம் செலவழியுங்கள். நல்ல வேலை எப்படி இருக்கும் என்று கண் பழகிவிடும். மெக்சிகோவில் திங்கள்கிழமை அருங்காட்சியகங்கள் மூடியிருப்பது வழக்கம், அதையும் பார்த்துத் திட்டமிடுங்கள். பக்கத்திலேயே 'பதினொரு முற்றங்களின் வீடு' என்ற பழைய கன்னியர் மடம். இப்போது அங்கே கைவினைப் பட்டறைகள். மரத்தட்டில் அரக்குப் பூசி, தங்க ரேக்கால் கோடிழுக்கும் வேலையைக் கண்ணெதிரே பார்க்கலாம். 'கிழவர் நடனம்' பெரும்பாலும் வார இறுதியில் இங்கும் பெரிய சதுக்கத்திலும் நடக்கும். சிரித்த முகமூடி, கைத்தடி, மரக்கட்டைச் செருப்பு. கூன் விழுந்த கிழவர்களாக வந்து, தாளம் ஏற ஏற இளைஞர்களும் தடுமாறும் வேகத்தில் தரையை மிதிப்பார்கள். தட்டு நீட்டும்போது தாராளமாகப் போடுங்கள்.

சாப்பாடு

இந்த ஊரின் பெயர் பெற்ற சூப் சோபா தாராஸ்கா. பீன்ஸும் தக்காளியும் அரைத்து, மேலே பொரித்த தொர்த்தியா (மக்காச்சோள ரொட்டி) கீற்று, காய்ந்த மிளகாய், பாலாடை, சீஸ் போட்டுத் தருவார்கள். குளிர்ந்த மாலைக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. கொருந்தா என்பது மக்காச்சோள மாவை அந்தச் செடியின் நீண்ட பச்சை இலையில் முக்கோணமாகச் சுற்றி ஆவியில் வேகவைப்பது. உச்செப்போ என்பது இளம் சோளத்தில் செய்வது, லேசான இனிப்பு. மாலையில் சின்ன சதுக்கத்தின் பக்கம் தள்ளுவண்டிகளில் கோழியோடு எஞ்சிலாதா, அதாவது மிளகாய்ச் சாற்றில் தோய்த்த தொர்த்தியா, போடுவார்கள். உருளைக்கிழங்கும் கேரட்டும் சேர்த்து வதக்கிப் பக்கத்தில் வைப்பார்கள். உள்ளூர்க்காரர்களோடு நின்று அங்கேயே சாப்பிடுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். பீன்ஸிலும் கொருந்தா மாவிலும் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது சாதாரணம். சூப்புக்குக் கோழி வேகவைத்த நீரை ஊற்றுவதும் உண்டு. 'சின் கார்னே' என்றால் இறைச்சி இல்லாமல், 'சின் மன்தேக்கா' என்றால் பன்றிக்கொழுப்பு இல்லாமல், 'சின் கால்தோ தே பொய்யோ' என்றால் கோழிச்சாறு இல்லாமல். மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். முதலாவதை மட்டும் சொன்னால் மற்ற இரண்டும் வந்துவிடும்.

பெரிய சதுக்கத்தின் தாழ்வாரத்தில் 1905-லிருந்து இயங்கும் லா பக்காந்தா ஐஸ்கிரீம் கடையில் 'நியேவே தே பாஸ்தா' கேளுங்கள். பாலைச் சுண்டக் காய்ச்சி, பட்டை, பாதாம் சேர்த்துச் செய்வது. தண்ணீர் எங்கே போனாலும் பாட்டில் தண்ணீர்தான்.

இனி மீன். உணவுப் பட்டியலில் 'பெஸ்காதோ பிளாங்கோ' என்று வெள்ளை மீன் இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இந்தப் பகுதி ஏரிகளுக்கே உரிய அந்த மீன் அழியும் நிலைக்கு வந்துவிட்டது. அந்தப் பெயரில் தட்டில் வருவது வேறு மீனாகவும் இருக்கலாம். சராலே என்ற பொடிமீனை முறுமுறுவென்று பொரித்து எலுமிச்சை பிழிந்து தருவார்கள், அது போதும்.

படகு

இரண்டாம் நாள் காலையில் படகுத்துறைக்குப் போங்கள். துறையில் டிக்கெட் சாவடி இருக்கும், போக வர ஒரே கட்டணம். டிக்கெட்டைத் தொலைக்காதீர்கள், திரும்பும்போது கேட்பார்கள். ஆள் சேர்ந்ததும் படகு கிளம்பும்.

எல்லோரும் போவது ஹனீட்சியோ தீவுக்கு. தீவின் உச்சியில் விடுதலைத் தலைவர் ஹோசே மரியா மொரேலோஸுக்கு 1930-களில் எழுப்பிய 40 மீட்டர் சிலை கையை உயர்த்தி நிற்கிறது. துறையிலிருந்து சிலை வரை இரண்டு பக்கமும் கடைகள் வைத்த படிக்கட்டு. சிலைக்குள்ளேயும் படி சுற்றி ஏறுகிறது, சுவரெல்லாம் மொரேலோஸின் வாழ்க்கை ஓவியம். உயர்த்திய கை வரை போய் ஏரியைப் பார்க்கலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்க் கடைகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தீவை நெருங்கும்போது மீனவர்கள் பட்டாம்பூச்சிச் சிறகு வடிவ வலையைத் தூக்கிக் காட்டுவார்கள். அந்த வலையால் மீன் பிடிப்பது ஏறக்குறைய நின்றுபோய், இப்போது காட்சிக்குத்தான் செய்கிறார்கள். படம் எடுத்தால் பணம் கொடுங்கள். அவர்களுக்கு அது வருமானம்.

கூட்டம் பிடிக்காதவர்கள் யுனுவென் தீவுக்குப் போகலாம். சின்னது, அமைதியானது. அங்குள்ள மக்களே நடத்தும் குடில்களில் இரவு தங்கவும் முடியும்.

ஏரியைச் சுற்றி: ஊருக்கு ஒரு தொழில்

மூன்றாம் நாளை இதற்காக முழுதாக ஒதுக்குங்கள். முடிந்தால் நான்காம் நாளையும். கோம்பி வேன்களில் ஊர் ஊராகத் தாவிப் போகலாம். நாலு பேர் இருந்தால் டாக்சியை நாள் வாடகைக்குப் பேசிக்கொள்வது சுலபம்.

முதலில் சின்சுன்சான். பூரெபெச்சா அரசின் தலைநகரம். ஏரியைப் பார்த்த மேட்டில் 400 மீட்டருக்கு மேல் நீளமான மேடை, அதன்மேல் வரிசையாக ஐந்து யாக்கத்தாக்கள், அதாவது பூரெபெச்சாக்களின் படிக்கட்டுப் பிரமிடுகள். நீள்சதுரமும் வட்டமும் ஒட்டிய வடிவம், மெக்சிகோவில் வேறெங்கும் பார்க்கும் பிரமிடுகள் போல இருக்காது. அவற்றின் கற்களைப் பெயர்த்துத்தான் கீழே பிரான்சிஸ்கன் மடத்தைக் கட்டினார்கள். மடத்து வெளியில் பருத்து முறுக்கிய ஆலிவ் மரங்கள் 16-ஆம் நூற்றாண்டில் நட்டவை என்கிறார்கள். கோதுமை வைக்கோலில் பின்னிய தேவதைகளும் அலங்காரங்களும் இந்த ஊரின் வேலை.

மேலே போனால் கிரோகா என்ற ஊர். பெரிய செப்புக் கொப்பரைகளில் வேகும் கார்னித்தாஸ் பன்றிக்கறிக்குப் பேர் போனது. சாப்பிடுகிறவர்கள் மதிய உணவை இங்கே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து சாந்தா ஃபே தெ லா லகூனா. வாஸ்கோ தெ கிரோகா 1533-இல் அமைத்த குடியிருப்பு. இன்றும் தெருவில் பூரெபெச்சா மொழி கேட்கும். 'தியோசி மேயாமு' என்று நன்றி சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். இங்கே வீட்டுக்கு வீடு மண்பாண்டம். வாங்கும்போது ஒரு கேள்வி கட்டாயம்: 'சின் ப்ளோமோ?', அதாவது ஈயம் இல்லாததா? பழைய முறை மெருகில் ஈயம் கலப்பார்கள். அலங்காரத்துக்கு என்றால் பரவாயில்லை. சமைக்கவும் சாப்பிடவும் ஈயம் சேராத பாண்டம் மட்டும் வாங்குங்கள்.

தெற்கே, பாட்ஸ்குவாரோவிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில், சாந்தா கிளாரா தெல் கோப்ரே. எனக்கு இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே மிகவும் பிடித்த ஊர் இதுதான். ஊர் முழுக்கத் தாமிரம். பழைய மின்கம்பிகளை உருக்கி ஒரு தடித்த வட்டுக் கட்டியாக வார்ப்பார்கள். அதை நெருப்பில் பழுக்க வைத்து எடுத்ததும், ஒருவர் இடுக்கியால் பிடித்துத் திருப்ப, மற்றவர்கள் சுற்றி நின்று சம்மட்டியால் முறை வைத்து அடிக்கிறார்கள். ஒருவர் ஓங்கும்போது இன்னொருவர் இறக்குகிறார், அடி தப்புவதே இல்லை. நல்ல பாத்திரம் அந்த ஒரே கட்டியிலிருந்து எழுவது, எங்கும் ஒட்டு இருக்காது. வாங்கும் முன் கையில் தூக்கிக் கனம் பாருங்கள், உள்பக்கம் விரலால் தடவிச் சம்மட்டித் தழும்பைப் பாருங்கள். மெல்லிய தகட்டை வளைத்துச் செய்ததும் விற்பார்கள், விலையும் குறைவு. ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டு அதை வாங்குவது வீண். அவரவர் பட்டறையிலேயே வாங்கினால் காசு நேராக அடித்தவர் கைக்குப் போகும். விலையை அதிகமாகக் குறைக்கப் பேசாதீர்கள். ஒரு ஜாடிக்குப் பின்னால் பல நாள் உழைப்பு இருக்கிறது.

நேரம் இருந்தால் தோக்குவாரோவில் மரமுகமூடி செய்பவர்கள், ஹராக்குவாரோவில் பனையோலைத் தொப்பி. மொரேலியா போகும் வழியில் சற்று விலகி துப்பாத்தரோ என்ற சின்ன ஊர்க் கோயிலில், மரக்கூரை முழுதும் வரைந்த ஓவியங்கள்.

இறந்தோர் இரவு

நவம்பர் 1 இரவு குடும்பங்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், மஞ்சள் செவ்வந்தி வகைப் பூவால் வளைவு கட்டி, மெழுகுவத்தி ஏற்றி, இறந்தவர்களுக்குப் பிடித்த உணவை வைத்து, விடியும்வரை கூடவே உட்கார்ந்திருப்பார்கள். அன்று காலை குழந்தைகளாக இறந்தவர்களுக்கு. இதற்குப் போக விரும்பினால் பல மாதம் முன்பே அறை பிடிக்க வேண்டும்.

ஹனீட்சியோவில் அன்று நெரிசல் அளவு மீறிப் போகும், படகுக்கு மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும். நான் பரிந்துரைப்பது இவாட்சியோ மாதிரியான சிறிய ஊர்கள். எங்கே போனாலும் அது ஒரு குடும்பம் தன் அம்மாவோடு, பிள்ளையோடு கழிக்கும் இரவு என்பதை மறக்காதீர்கள். ஃபிளாஷ் வேண்டாம். படம் எடுக்கும் முன் கண்ணால் அனுமதி கேளுங்கள், தலையை ஆட்டி மறுத்தால் விட்டுவிடுங்கள். கல்லறைகளுக்கு நடுவே வழி விட்டு நடங்கள். கையில் ஒரு மெழுகுவத்தியோ கொஞ்சம் பழமோ கொண்டு போய்க் கொடுத்தால் மனதார வாங்கிக்கொள்வார்கள்.

ஏரிக்கு நீங்கள் செய்யக்கூடியது

இந்த ஏரிக்கு வெளியேறும் ஆறு கிடையாது. மழையும் ஊற்றும்தான் ஆதாரம். காடழிப்பு, கழிவுநீர், வண்டல், வறட்சி எல்லாம் சேர்ந்து பல பத்தாண்டுகளாகச் சுருங்கி வருகிறது. 2024 வறட்சியில் கரையோரப் பகுதிகள் காய்ந்து நிலமானபோது, தோட்டங்களுக்காக டேங்கர் வண்டிகளில் ஏரி நீரைத் திருடுவதை எதிர்த்து ஊர் மக்களே நின்றார்கள். இதைத் தெரிந்துகொண்டு போகிறவர் விடுதியில் தண்ணீரை அளவாகப் புழங்குவார், படகிலிருந்து எதையும் எறிய மாட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. அச்சோக்கே என்ற நீர்ப்பல்லி உலகிலேயே இந்த ஏரியில் மட்டும்தான் வாழ்கிறது, இப்போது அழிவின் விளிம்பில் இருக்கிறது. ஊரில் உள்ள டொமினிக்கன் கன்னியர் மடத்தில் அதைத் தொட்டிகளில் வளர்த்துப் பெருக்குகிறார்கள். அதைக் கொண்டு பரம்பரையாக ஓர் இருமல் மருந்து காய்ச்சுவதுதான் தொடக்கம். இன்று அறிவியலாளர்கள் அவர்களோடு சேர்ந்து உழைக்கிறார்கள். மடத்தின் உள்ளே சுற்றிப் பார்க்க எதிர்பார்க்காதீர்கள். ஆனால் அவர்கள் விற்கும் பொருளை வாங்குவது அந்த உயிருக்கு உதவும்.

கிளம்பும்போது

கடைசிக் காலை வெள்ளிக்கிழமையாக அமைந்தால் சான் பிரான்சிஸ்கோ கோயில் முன் கூடும் மண்பாண்டச் சந்தையைப் பார்த்துவிட்டுப் போங்கள். மண்பாண்டத்தைத் துணிகளுக்கு நடுவே சுற்றிக் கைப்பையில் வையுங்கள். கனமான தாமிரப் பாத்திரத்தை விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டியில் போடுங்கள், எடையை விடுதியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மெக்சிகோ நகரத்துக்குப் போகிறவர்கள் காலைப் பேருந்தைப் பிடித்தால் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிடலாம்.